பட்டாளத்தான் வீட்டு புல்லட்

அருணாதேவிக்கு அந்த புல்லட்டின் மேல் முதலில் வந்தது கோபம்தான்.

1991ஆம் வருஷம் மாசி மாதம் அவள் கணவன் சக்திவேல் லீவில் வந்தான். ராணுவத்தில் லாரி ஓட்டுபவன். அப்போது அஸ்ஸாமில் இருந்தான். வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவான், இரண்டு மாதம் இருப்பான். போன லீவில், ரிட்டயர் ஆன ஒரு சுபேதாரிடமிருந்து ஆசை ஆசையாக அந்தக் கறுப்பு புல்லட்டை வாங்கியிருந்தான். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி அவர்கள் வீடு. வீட்டுக்குப் பக்கத்து மாட்டுக்கொட்டகையில் வண்டியை நிறுத்தி, சாக்குப் போர்த்தி, அதன் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

இந்தத் தடவை வந்து சாக்கை எடுத்துப் பார்த்தால் வண்டி பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. பெட்ரோல் பிசினாகியிருந்தது. பேட்டரி செத்திருந்தது. செயின், கிணற்றுச் சகடையில் கிடக்கும் சங்கிலி மாதிரி துருவேறி இருந்தது. பக்கத்து நிலத்துக்காரரின் டிராக்டரில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோய் டீலர் ஒர்க்‌ஷாப்பில் விட்டான். அங்கே இதற்கு முன் வந்த வண்டிகள் வரிசையாக நின்றன. "நாளைக்கு வாங்க சார்" என்றார்கள். மறுநாள் ஒரு பார்ட் வேலூரிலிருந்து வரவேண்டும் என்றார்கள். அதற்கு மறுநாள் மெக்கானிக் லீவு.

சக்திவேல் தினமும் காலையில் சாப்பிட்டுவிட்டு, ஆபீஸுக்குப் போகிறவனைப் போல ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். பொழுது சாய்ந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். அருணாதேவியை சாத்தனூர் அணைக்குக் கூட்டிப்போய், பூங்கா காட்டி, வறுத்த மீன் வாங்கித் தருவதாகக் கடிதத்துக்குக் கடிதம் எழுதியிருந்தான். வண்டி கைக்கு வந்தபோது பெட்டி கட்டுகிற நாள் வந்துவிட்டது.

பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே அவள் கேட்டுவிட்டாள்.

"ரெண்டு மாசம் லீவுல வந்தீங்க. எங்கூட இருந்தத விட ஒர்க்‌ஷாப் வாசல்ல இருந்ததுதான் ஜாஸ்தி."

"இன்னா பண்றது அருணா. சும்மா நிறுத்தி வெச்சா எந்த வண்டியும் கெட்டுத்தான் போவும். மாசா மாசம் யாராவது பாக்கணும். இங்க யாரு கீறாங்க?"

அவன் யோசிக்காமல் சொன்ன வார்த்தைதான். ஆனால் அவன் பஸ் ஏறிப் போன பிறகும் அது அவள் காதிலேயே நின்றது. யாரு கீறாங்க? வீட்டில் அவள் இருந்தாள், மாமியார் ஜோதியம்மாள் இருந்தாள், நடை பழகும் மகள் சினேகா இருந்தாள், இரண்டு மாடுகள் இருந்தன. மாட்டுக்கு வேளாவேளைக்குத் தண்ணி காட்டத் தெரிந்தவளுக்கு, பக்கத்திலேயே நிற்கிற வண்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா?

வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தாள். ஸ்பேனர்கள் ஒரு துணியில் சுற்றி இருந்தன. கூடவே பிளாஸ்டிக் பையில் ஒரு கையேடு. சுபேதார் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார், ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை. ஆங்கிலத்தில் இருந்தது. அருணாதேவி ப்ளஸ் டூ வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். படங்கள் மீதியைச் சொல்லின. நடுப்பக்கத்தில் ஒரு அட்டவணை: எதை எப்போது சுத்தம் செய்வது, எதை எப்போது மாற்றுவது. இத்தனை கிலோமீட்டர் ஓடியதும், அல்லது இத்தனை மாதம் ஆனதும் என்று போட்டிருந்தது. வண்டி ஓடாவிட்டால் என்ன, மாதம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வேலைக்கு அவள் குறித்த நாள் பௌர்ணமி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்ற வரும் கூட்டம் பெருகத் தொடங்கியிருந்த காலம் அது. மத்தியானத்துக்கு மேல் பஸ் வராது, வண்டி போகாது, எங்கேயும் போகவும் முடியாது. மாமியாரும் வீட்டில் இருக்கமாட்டாள். ரோட்டோரம் கூடை வைத்து வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்க உட்கார்ந்துவிடுவாள். திட்ட ஆளில்லாத நாள்.

பழைய ஆயிலை வடிக்கவேண்டும். எஞ்சினுக்கு அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி, கீழே ஒரு குண்டானை வைத்தாள். கருகருவென்று இறங்கியது. படத்தை மறுபடி பார்த்தபோதுதான் இன்னொரு போல்ட்டும் உண்டென்று தெரிந்தது. அதையும் கழற்றினாள். குண்டான் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. கொட்டகைத் தரையில் ஆயில் ஓடியது. அதில் கோழிகள் நடந்தன. நடந்த கோழிகள் நேராகப் போய், வாசலில் காயப்போட்டிருந்த மல்லாட்டையின் மேல் ஏறி, நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றின.

வெந்த மல்லாட்டை தீர்ந்துபோய் இன்னொரு கூடை எடுக்க வந்த ஜோதியம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது! கோழிக்கு ஷூ போட்டு வுட்டிருக்க?"

"ஆயில் மாத்துறேன் அத்தை."

"எத்த மாத்துற? எம் புள்ள அருமையா வாங்கினு வந்த வண்டிய அக்கு அக்கா கழட்டிட்டு, எப்படிடி மாட்டுவ?"

"கழட்டின மாதிரியே மாட்டுவேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. கழற்றிய ஒவ்வொன்றையும் ஒரு பழைய வேட்டியின் மேல், கழற்றிய வரிசையிலேயே வைத்திருந்தாள். கடைசியிலிருந்து முதல் வரைக்கும் அதே வழியில் திரும்பி வந்தாள். மிச்சமாக ஒரு செம்பு வாஷர் நின்றது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, அது இருக்கவேண்டிய இடத்தைக் கண்டுபிடித்து, மறுபடி மாட்டி, வாங்கி வைத்திருந்த புது ஆயிலை ஊற்றினாள். அதற்குள் நிலா மலைக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டது.

ஸ்டார்ட் செய்வது தனிக் கதை. முதல் உதையில் கிக்கர் திருப்பி உதைத்து அவளை வைக்கோல் போரில் உட்கார வைத்தது. உடம்பு பலத்துக்கு அது மசியாது என்று புரிந்தது. கையேட்டில் சொன்னபடி, ஹேண்டிலில் இருந்த சின்ன லீவரை அழுத்திக்கொண்டு, மீட்டரில் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, பிறகு லீவரை விட்டுவிட்டு, உடம்பு மொத்தத்தையும் காலில் வைத்து ஒரே அமுக்கு. டப், டப், டப் என்று புல்லட் பேச ஆரம்பித்தது. மாடுகள் இரண்டும் எழுந்து நின்றன. ரோட்டில் நடந்துகொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கையெல்லாம் கறுப்பும் முகமெல்லாம் பல்லுமாக அருணாதேவி நின்றாள்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் செய்வாள். பௌர்ணமிக்கு செயினைத் துடைத்து ஆயில் போடுவாள், பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பாள், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். நடந்து போகிறவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். செயினுக்கு விளக்கெண்ணெய் போடச் சொன்னார் ஒருவர். சாமி பேரைச் சொல்லி உதைக்கச் சொன்னார் இன்னொருவர். யாருக்கும் அவள் மறுத்துப் பேசியதில்லை. "சரிங்க, செய்றேங்க" என்று சொல்லிவிட்டுக் கையேட்டில் இருந்ததைச் செய்தாள். ஜோதியம்மாளும் இரண்டு மூன்று மாதத்தில் மாறிவிட்டாள். மல்லாட்டை வாங்குபவர்களிடம், "உள்ள சத்தம் கேக்குதே, எம் மருமவதான்" என்று கேட்காமலே சொல்லத் தொடங்கினாள்.

டவுனில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த தருமன் மட்டும் முதலில் நம்பவில்லை. "மெக்கானிக் எத்த வாங்கினு வரச் சொன்னாரும்மா?" என்று கேட்டார்.

"மெக்கானிக்குதாங்க கேக்குது" என்றாள் அருணாதேவி.

அவர் ஒரு நிமிஷம் அவள் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் இருந்த கறுப்பைப் பார்த்துவிட்டு, அவள் உட்கார ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னவர்களும் உண்டு. ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பார்த்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. இறங்கிவிட்டாள். அவளுக்கு அதில் குறையும் இல்லை. டவுனுக்குப் போக சைக்கிள் இருந்தது.

அடுத்த லீவுக்கு சக்திவேல் வந்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார் வாயையும் கட்டி வைத்திருந்தாள். காலையில் பல் விளக்கிக்கொண்டே அவன் கொட்டகைப் பக்கம் போய்ப் பெருமூச்சு விட்டான்.

"மறுபடி டிராக்டர் சொல்லணும்."

"ஒரு உதை உதைச்சுதான் பாருங்களேன்."

அவளைத் திருப்திப்படுத்துவதற்காக உதைத்தான். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. அவன் வாயில் இருந்த பிரஷ் கீழே விழுந்தது.

"யாரு ஓட்னது இத?"

"கிலோமீட்டரப் பாருங்க. ஒரு கிலோமீட்டர் ஏறியிருக்கா?"

பார்த்தான். ஏறவில்லை. எதுவும் புரியாமல் அவன் அம்மாவைப் பார்த்தான். ஜோதியம்மாளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கோழிக்கு ஷூ போட்டதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

அன்றைக்கே, குழந்தையை ஜோதியம்மாளிடம் விட்டுவிட்டு இருவரும் சாத்தனூருக்குக் கிளம்பினார்கள். அருணாதேவி பச்சைச் சேலை கட்டி, கனகாம்பரம் வைத்திருந்தாள். வேங்கிக்காலில் புதுக் கலெக்டர் ஆபீஸ் வந்த கதையையெல்லாம் அவன் காதில் கத்திக்கொண்டே போனாள். தண்டராம்பட்டைத் தாண்டியதும் வண்டி இரண்டு தும்மல் தும்மி நின்றது.

சக்திவேல் உதைத்தான். உதைத்து உதைத்து வியர்த்தான். பிறகு புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"நீங்க பாருங்க. மிலிட்டரில டிரைவர்தானே?"

"எனக்கு ஓட்டத்தான் தெரியும் அருணா. நின்னா, அதுக்குனு வேற ஆள் வருவான்."

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தாள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள், பொறி வரவில்லை. பொறியை உண்டாக்கும் பாயின்ட்டின் மூடியைத் திறந்தாள். அங்கே ஒரு குட்டி ஸ்க்ரூ தளர்ந்து, இருக்கவேண்டிய இடைவெளி மூடிக்கொண்டிருந்தது. அதைப் போன பௌர்ணமியன்று திருகியது அவள்தான். பாதி திருகும்போது குழந்தை அழுதது, எழுந்து போனாள், வந்து மறந்துபோனாள். இப்போது எல்லாம் தெளிவாக ஞாபகம் வந்தது.

சொல்லாமலே சரிசெய்துவிட்டிருக்கலாம். அவனுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏங்க, தப்பு வண்டி மேல இல்ல. எம்மேலதான். ஸ்க்ரூவ முடுக்காம வுட்டுட்டேன்."

சக்திவேல் அவளைப் பார்த்தான். கனகாம்பரம் சரிந்து, நெற்றியில் கிரீஸ் ஈஷி, புளியமரத்தடியில் குந்தியிருந்தாள். அவனும் சிரிக்க ஆரம்பித்தான். இடைவெளியை அளக்க அவளிடம் கருவி இல்லை. அவன் சட்டைப் பையில் கிடந்த பழைய பஸ் டிக்கெட்டை வாங்கி, மடித்து மடித்து, விரலால் தடவிப் பார்த்து, கனம் சரியாக இருக்கும் என்று தோன்றியதும் பாயின்ட்டுக்கு நடுவில் வைத்து ஸ்க்ரூவை முடுக்கினாள். வண்டி பிடித்துக்கொண்டது. அணையில் வறுத்த மீன் தின்றபோது அதில் கொஞ்சம் கிரீஸ் வாசனையும் இருந்தது.

அந்த லீவு முழுக்க அவர்கள் சுற்றினார்கள். படவேடு, செங்கம், போளூரில் அவள் அம்மா வீடு. போகிற இடமெல்லாம் சக்திவேல் மனைவி வண்டி பார்க்கிற கதையையே சொன்னான். அதனால் பிறகு நடந்ததற்கு அவன் வாய்தான் காரணம்.

சுற்றுப்பட்டு ஊர்களில் பட்டாளத்து வீடுகள் நிறைய. ஜவான்கள் வாங்கி நிறுத்திவிட்டுப் போன வண்டிகளும் நிறைய. முதலில் வந்தவள் பக்கத்து ஊர் சரசு. அவள் புருஷன் காஷ்மீரில் இருந்தான். "அக்கா, எங்க வண்டியயும் வந்து பாக்கிறியா? பங்குனில வராரு" என்றாள்.

அருணாதேவி சைக்கிளில் ஸ்பேனர் பையோடு போனாள். சரசு வீட்டு வண்டி தானியக் குதிருக்குப் பக்கத்தில் நின்றது. பிளக், பெட்ரோல், ஆயில் எல்லாம் பார்த்து முடித்து உதைத்தால், வண்டி மூச்சு முட்டி நின்றது. பத்து உதைக்குப் பிறகு பயங்கரமாக ஒரு வெடி வெடித்தது. சைலன்ஸரிலிருந்து மல்லாட்டை பறந்தது. மழைக்காலத்துக்கென்று ஏதோ ஒரு எலி அதற்குள் சேர்த்து வைத்திருந்த மொத்தச் சேமிப்பும் கூரை வரைக்கும் போய்ச் சிதறியது. பக்கத்தில் படுத்திருந்த சரசுவின் மாமனார் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, தன் மடியில் விழுந்த ஒன்றை உரித்துப் பார்த்து, "நல்லாத்தான் வறுபட்டிருக்கு" என்றார்.

சரசு மறுமுறை தானே செய்து பழகிக்கொண்டாள். அப்புறம் ஆடையூரிலிருந்து ஒருத்தி, அத்தியந்தலிலிருந்து ஒருத்தி. பௌர்ணமி மத்தியானங்களில் அருணாதேவி வீட்டுக் கொட்டகையில் நாலைந்து பெண்கள் கூடிவிடுவார்கள். கையில் கிரீஸ் இருக்கும், வாயில் ஊர்க்கதை இருக்கும். ஆயில் மாற்றும்போது கோழிகளைக் கட்டிப் போடுவது மட்டும் ஜோதியம்மாள் பொறுப்பு.

1999 கோடையில் அந்தக் கொட்டகையில் சிரிப்பு கேட்கவில்லை. கார்கிலில் சண்டை. சக்திவேல் அந்தப் பக்கத்து மலைச்சாலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். சரசுவின் புருஷனும் அங்கேதான். கடிதம் வரவில்லை. டிவியில் செய்தி வரும்போது ஜோதியம்மாள் எழுந்து வெளியே போய்விடுவாள். அந்த மாதம் பௌர்ணமிக்குக் காத்திருக்காமல் பெண்கள் தினமும் வந்தார்கள். செய்வதற்கு வேலையே இல்லாத வண்டியைக் கழற்றினார்கள். துடைத்ததையே துடைத்தார்கள். கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போனது, அவ்வளவுதான்.

ஒருநாள் காலை எஸ்டிடி பூத்காரர் வேணு சைக்கிளில் வந்து, வேலிக்கு வெளியிலிருந்தே கத்தினார். "அருணாம்மா, போன்! மிலிட்டரி போன்!" ஆயில் கையோடு ஓடினாள். பின்னாலேயே சரசுவும் மற்றவர்களும் ஓடினார்கள். ரிசீவர் வழுக்கியது. அந்தப் பக்கம் ஒரே இரைச்சல்.

"அருணா? நல்லா இருக்கேன். சரசு வூட்டுக்காரரும் நல்லா இருக்காரு, நேத்துதான் பாத்தேன். வண்டி எப்படி கீது?"

ரிசீவரை அவள் காதோடு அழுத்திக்கொண்டாள். "வண்டிக்கு இன்னா" என்றாள். "ஜாஸ்தியா தொடச்சு தொடச்சு பெயின்ட்டுதான் போயிடுச்சு."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற சரசுவைப் பார்த்து, நல்ல சேதிதான் என்று அவள் தலையை ஆட்டினாள். சரசு அப்படியே பூத் படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு ஜோதியம்மாள் ஒரு கூடை மல்லாட்டையை வேகவைத்து, விற்காமல், தெருவில் போன எல்லோருக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்தாள்.

2004இல் சக்திவேல் ரிட்டயர் ஆகி வந்தான். கலெக்டர் ஆபீஸில் டிரைவர் வேலை கிடைத்தது. புல்லட் இப்போது தினமும் வேங்கிக்கால் போய் வந்தது. மாதக் கணக்கில் இருந்த வேலை கிலோமீட்டர் கணக்குக்கு மாறியது. அதில்தான் வீட்டில் புதிதாகச் சண்டைகள் வந்தன.

"மழையில ஏங்க எடுத்துனு போனீங்க? செயினப் பாருங்க, மண்ணு அப்பி கீது."

"மழைனா ஆபீஸ் லீவா வுடுவாங்க?"

"அப்ப நீங்களே தொடைங்க."

அவன் துடைத்தான். முதல் இரண்டு வருஷம் அவனுக்குத் துடைக்கிற வேலை மட்டுமே கொடுக்கப்பட்டது. பிறகு பிளக் கழற்ற அனுமதி கிடைத்தது. பாயின்ட் பக்கம் அவனை அவள் விடவேயில்லை.

சினேகா காலேஜில் சேர்ந்த வருஷம் அவளுக்கு ஸ்கூட்டர் வாங்க டவுனுக்குப் போனார்கள். சினேகா கலர் பார்த்தாள். சக்திவேல் ஹாரன் அடித்துப் பார்த்தான். அருணாதேவி கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குப் பட்டோடு ஷோரூம் தரையில் குந்தி, வண்டிக்கு அடியில் தலையை விட்டிருந்தாள். எங்கே பார்த்தாலும் பிளாஸ்டிக் மூடி.

டை கட்டிய விற்பனைப் பையன் பதறிப்போய் வந்தான். "மேடம், ஏதாவது விழுந்துடுச்சா?"

"இல்லப்பா. இதுல ஆயில் எங்கேருந்து வடிப்பாங்க?"

"அதெல்லாம் நாங்களே பாத்துக்குவோம் மேடம். முதல் சர்வீசெல்லாம் ஃப்ரீ."

"பாத்துக்கோங்க, நான் வேணானு சொல்லல. எங்க கீதுனு மட்டும் காட்டு."

அவன் திகைத்தான். அவனுக்கும் அது தெரியவில்லை. வெட்கப்பட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். "சரி வா, ரெண்டு பேரும் பாக்கலாம்" என்றாள். அவன் டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் குந்தினான்.

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று சினேகா பல்லைக் கடித்தாள்.

"பாக்கட்டும்" என்றது வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல். "ஏங்க, உங்க போன்ல லைட் இருக்கே, இப்படிக் கொஞ்சம் அடிங்க."

சக்திவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து லைட்டைப் பிடித்தான்.